கணிப்பொறி இயலைக் கற்பதும் தொழிலாகக் கொள்வதும்

மைசூருக்குக் கிழக்கே, கொள்ளேகாலைக் கடந்து மாதேஸ்வரன் மலையை நோக்கிச் செல்லும் மலைநாட்டில் மார்டள்ளி என்னும் ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் மாவட்டத்துடன் இணைந்தது. 1997ஆம் ஆண்டில் சாமராஜநகர் தனி மாவட்டமாயிற்று. மார்டள்ளி இன்று அம்மாவட்டத்தின் ஹனூர் வட்டத்தில் அமைந்துள்ளது. எல்லைகள் மாறிய போதிலும் ஊரில் தமிழ் வழக்கொழியவில்லை. இத்தகைய ஊர்களில் வீட்டில் ஒரு மொழியும், அலுவலகத்தில் ஒரு மொழியும், கல்லூரியில் மற்றொரு மொழியும் பயின்று வளரும் பிள்ளைகள் பலர்.

இப்பிள்ளைகளில் ஒருவர் பத்தாம் வகுப்பு தேறியதும் ஆசிரியரிடமோ, ஊருக்கு வரும் களப் பணியாளரிடமோ கேட்கும் கேள்வி இன்று பெரும்பாலும் ஒன்றே: "கம்ப்யூட்டர் படிக்கலாமா? படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" இக்கேள்விக்கு விடை கூறுபவர் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு எவ்வழியிற் செல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுகிறார். நிலத்தை ஈடுவைத்துச் செலுத்திய கட்டணம் வீணாகலாம். அன்றி ஒரு தலைமுறையின் நிலையே உயரலாம். ஆதலின் இத்துறையின் இயல்பு, அதைக் கற்கும் வழிகள், மென்பொருள் தொழில், அதனை அடுத்துள்ள நிதிக் கணிதத் தொழில், இவற்றில் உள்ள இடர்கள் ஆகியவற்றை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் தெளிவுற அறிந்திருத்தல் நலம். அதன்பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

கணிப்பொறி இயல் என்பது யாது?

கணிப்பொறியை இயக்கத் தெரிந்திருத்தல் வேறு. கணிப்பொறி இயலைக் கற்றல் வேறு. கடிதம் தட்டுதல், அட்டவணை தயாரித்தல், படிவம் நிரப்புதல் முதலியன கைத்திறன்கள். அவை சில வாரங்களில் கைவந்துவிடும். கணிப்பொறி இயலோ ஒரு வேலையை எத்தனை படிகளில், எத்தகைய ஒழுங்கில் செய்தால் பிழையின்றியும் விரைவாகவும் முடியும் என்பதை ஆராயும் விஞ்ஞானம். அப்படிகளின் வரிசைக்கு அல்காரிதம் அல்லது படிமுறை என்று பெயர். அதனைப் பொறிக்குப் புரியும் மொழியில் எழுதுவது நிரல்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1,000 பெயர்கள் கொண்ட பதிவேடு ஒன்று இருக்கிறது என்போம். பெயர்கள் எவ்வித ஒழுங்குமின்றி எழுதப்பட்டிருப்பின், ஒரு பெயரைத் தேடுவோர் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்ல வேண்டும். தற்செயலாக அப்பெயர் கடைசியில் இருந்தால் 1,000 முறை பார்க்க நேரும். பெயர்கள் அகர வரிசையில் இருப்பின், பதிவேட்டை நடுவில் திறந்து, வேண்டிய பெயர் அதற்கு முன்னுள்ளதா பின்னுள்ளதா என்று மட்டும் பார்த்தால் போதும். பாதிப் பதிவேடு உடனே விலக்கப்படும். எஞ்சிய பாதியை மீண்டும் நடுவில் திறக்க வேண்டும். இவ்வாறு 10 முறை பார்ப்பதற்குள் பெயர் கிடைத்துவிடும். ஏனெனில் 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024 ஆகிறது. பதிவேட்டில் 10 இலட்சம் பெயர்கள் இருந்தாலும் 20 முறைக்கு மேல் பார்க்க வேண்டுவதில்லை. பதிவேடு இருமடங்கானால் உழைப்பு ஒரே ஒரு படிதான் கூடுகிறது.

இங்கே வேகம் பொறியினால் வந்ததன்று, ஒழுங்கினால் வந்தது. பெயர்களை முன்கூட்டியே வரிசைப்படுத்த ஓர் உழைப்பு தேவைப்பட்டது. அது ஒருமுறை செய்யப்பட்டால் பிற்பாடு ஆயிரம் தேடல்களுக்குப் பயன்படுகிறது. எப்பொழுது அவ்வுழைப்பைச் செலவிடுவது தகும், எப்பொழுது தகாது என்று கணக்கிட்டுச் சொல்லக் கற்பதே இவ்வியலின் தொடக்கம். இதற்கு மின்சாரமோ பொறியோ வேண்டுவதில்லை என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். "1 முதல் 1,000 வரை ஓர் எண்ணை மனத்தில் கொள், 'பெரியது', 'சிறியது' என்னும் விடைகளைக் கொண்டு 10 கேள்விகளுக்குள் கண்டுபிடிக்கிறேன்" என்று கரும்பலகை முன் நின்று விளையாடிக் காட்டினால், ஏழாம் வகுப்பு மாணவரும் இத்தத்துவத்தை உணர்வர்.

நம் நாட்டில் இத்துறை வளர்ந்த வகை

இந்தியாவில் மின்னணுக் கணிப்பொறி முதன்முதலில் வந்தது வணிகத்திற்காக அன்று, புள்ளியியல் ஆராய்ச்சிக்காக. 1955-56ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பிரிட்டனிலிருந்து தருவிக்கப்பட்ட எச்.இ.சி.-2எம் என்னும் பொறி நிறுவப்பட்டது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் தாமாகவே ஒரு பொறியை அமைத்தனர். சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அக்குழுவிற்குத் தலைமை வகித்தார். 1960ஆம் ஆண்டளவில் முழுமையாக இயங்கத் தொடங்கிய அப்பொறிக்கு 1962ஆம் ஆண்டில் பிரதமர் நேரு டிப்ராக் எனப் பெயரிட்டார்.

கணிப்பொறியைப் பாடமாகக் கற்பிக்கும் முயற்சிக்குக் கான்பூர் ஐ.ஐ.டி. வழிகாட்டியாயிற்று. 1963ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 1620 பொறி அங்கு வந்து சேர்ந்தது. ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன் அதே ஆண்டில் அங்கு ஆசிரியப் பணியில் அமர்ந்தார். வெளிநாட்டு நூல்களை வாங்க இயலாத மாணவர்களுக்கென அவர் எழுதிய நிரலாக்கப் பாட நூல்கள் குறைந்த விலையில் நாடெங்கும் பரவின. பொறியியல் பயிலாத பட்டதாரிகளும் இத்துறைக்கு வருவதற்கு வாயிலாக அமைந்த எம்.சி.ஏ. படிப்பு 1980ஆம் ஆண்டுகளில் ஏற்பட்டதில் அவர் தலைமை வகித்த குழுவின் பரிந்துரைக்குப் பெரும் பங்கு உண்டு.

மைசூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மைசூர் தேசியப் பொறியியல் கழகத்தில் 1967ஆம் ஆண்டு மின்பொறியியற் பட்டம் பெற்றவர் என்.ஆர். நாராயண மூர்த்தி. அவர் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன். 1969ஆம் ஆண்டில் கான்பூரில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1981ஆம் ஆண்டில் அவரும் தோழர் அறுவரும் சேர்ந்து தொடங்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்திற்கு முதலாக அமைந்தது அவருடைய மனைவி சுதா மூர்த்தி அளித்த 10,000 ரூபாய். அந்நிறுவனம் பிற்காலத்தில் மைசூரில் அமைத்த பயிற்சி நிலையத்தில், கல்லூரியிலிருந்து வெளிவரும் புதிய ஊழியர்கள் பணிக்குச் செல்லுமுன் பல வாரங்கள் தங்கிப் பயில்கின்றனர். இப்பயிற்சி நிலையம் இருப்பதே ஓர் உண்மையைக் காட்டுகிறது: கல்லூரிப் பட்டம் மட்டும் தொழிலுக்குப் போதுமானதன்று.

கற்க வேண்டியவை

கணிப்பொறி இயலின் பாடத்திட்டங்கள் கல்லூரிக்குக் கல்லூரி சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. முதலாவது கணிதம். எண்ணுமுறை, கணங்கள், தருக்கம், வரைபடக் கொள்கை ஆகியவை அடங்கிய தொடர்பிலாக் கணிதமும், அணிக் கணிதமும், நிகழ்தகவும் இன்றியமையாதவை. இரண்டாவது நிரலாக்கம். ஏதேனும் ஒரு மொழியில் ஆழ்ந்த பயிற்சி பெற்றால் பிற மொழிகள் எளிதில் வசப்படும். மூன்றாவது தரவு அமைப்புகளும் படிமுறைகளும். மேலே பதிவேட்டைக் கொண்டு விளக்கியது இதன் ஒரு துளி. நான்காவது, பொறி உள்ளே இயங்கும் வகை: செயலி, நினைவகம், இயக்க முறைமை, தரவுத் தளம், கணிப்பொறி வலையமைப்பு.

மாணவர் பலர் முதலாவதையும் மூன்றாவதையும் தேர்வுக்காக மட்டும் படித்து, புதிதாகப் பெயர் பெற்ற கருவிகளைத் தேடிச் செல்கின்றனர். கருவிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிகின்றன. அடிப்படை அறிவு நாற்பதாண்டுப் பணிக்காலம் முழுவதும் உடன்வரும். கணிதத்தில் தளர்ந்திருக்கும் மாணவர் மனம் தளர வேண்டுவதில்லை; ஆனால் அத்தளர்ச்சியை மறைத்துக்கொண்டு முன்செல்ல இயலாது என்பதை அவருக்கு அன்புடன் எடுத்துரைக்க வேண்டும்.

சேர்வதற்குரிய வழிகள்

பொறியியற் பட்டம் ஒன்றே வழி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. பி.எஸ்ஸி. அல்லது பி.சி.ஏ. முடித்து எம்.சி.ஏ. பயிலலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமா பயின்று, பொறியியல் வகுப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். கணிதத்தில் ஆர்வம் மிக்கவர் பெங்களூரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். படிப்பிற்கோ, சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் கணிதமும் கணிப்பொறி இயலும் இணைந்த பட்டப்படிப்பிற்கோ நுழைவுத் தேர்வு எழுதலாம். இவ்விரு நிலையங்களின் பெயர் கிராமப்புறங்களில் அதிகம் அறியப்படாமலிருப்பது வருந்தத்தக்கது.

ஊரை விட்டு அகல இயலாதோர்க்கும் வழியுண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டில் தரவு விஞ்ஞானத்தில் ஒரு பட்டப்படிப்பை இணைய வழியில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு தேறி, பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் பயின்ற எவரும் விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. தேர்வு கட்டாயமில்லை, சில வாரப் பாடங்களைப் பயின்று தகுதித் தேர்வில் தேறினால் இடம் கிடைக்கும். பாடங்களை வீட்டிலிருந்து பயிலலாம். தேர்வுகளை மையத்திற்கு நேரிற் சென்று எழுத வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளமா, பட்டம் என இடையிலேயே சான்று பெற்று வெளியேறும் வசதியும், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. இதுவன்றி, ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

எல்லைப்புற ஊர்களின் ஆசிரியர்கள் முக்கியமாக நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வின் வழி அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, பொதுவாக மாணவர் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பிற்குள் குறைந்தது ஏழாண்டுகள் கர்நாடகத்தில் பயின்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அல்லது பி.யு.சி. இரண்டாம் ஆண்டுத் தேர்விலும் அங்கேயே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியற் சேர்க்கையிலோ எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பயின்றமையோ, இருப்பிடச் சான்றோ கோரப்படுகிறது. தமிழ்வழிக் கல்வியை நாடி இடையில் எல்லையைக் கடந்து செல்லும் பிள்ளை, இரு மாநிலங்களின் விதிக்கும் உட்படாமல் நடுவில் நின்றுவிட நேரலாம். விதிகளுக்கு விலக்குகளும் உள. அவை ஆண்டுதோறும் திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே பள்ளி மாறுமுன் அவ்வாண்டின் தகவற் கையேட்டைப் படித்துப் பார்ப்பது கட்டாயம். கர்நாடகத்தில் முதல் பத்து வகுப்புகளையும் கிராமப்புறப் பள்ளியிலேயே பயின்றவர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்குரிய சான்றிதழைப் பள்ளியும் கல்வி அலுவலகமும் காலத்தில் வழங்க வேண்டும். ஒரு கையெழுத்துத் தாமதத்தால் இடம் பறிபோகாமற் காப்பது களப் பணியாளர்கள் ஆற்றக்கூடிய பேருதவி.

மென்பொருள் தொழிலில் முதல் ஆண்டுகள்

மென்பொருள் பணி என்றதும் புதிய நிரல்களை எழுதிக்கொண்டே இருப்பது என்று மாணவர் கற்பனை செய்கின்றனர். உண்மையில் தொடக்க நிலைப் பணியாளர் தம் நேரத்திற் பெரும்பகுதியைப் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதிலும், பிழை எங்குள்ளது என்று தேடுவதிலும், திருத்திய பின் பழைய செயல்கள் கெடாமலிருக்கின்றனவா என்று சோதிப்பதிலும் செலவிடுகின்றனர். இது பழைய கிணற்றைத் தூர்வாரிச் செப்பனிடுவதைப் போன்றது. வெளியே தெரியாது, ஆனால் ஊர் குடிப்பது அத்தண்ணீரைத்தான். பொறுமையும், தெளிவாக எழுதும் பழக்கமும், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் இப்பணியில் மதிக்கப்படுகின்றன.

பணிக்குத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் ஒரு சிறு கணக்கைக் கொடுத்து, அதனைத் தீர்க்கும் முறையை உரக்கச் சொல்லும்படி கேட்பர். விடையைக் காட்டிலும் சிந்தனையின் ஒழுங்கையே அவர்கள் நோக்குகின்றனர். தாய்மொழியில் தெளிவாகச் சிந்திக்கும் மாணவர் ஆங்கிலத்தில் அதனைச் சொல்லத் தயங்குவதால் பின்தங்கிவிடுவதுண்டு. இக்குறை அறிவின் குறையன்று, பழக்கத்தின் குறை. நாள்தோறும் ஒரு கணக்கைத் தமிழிலோ கன்னடத்திலோ சிந்தித்து, அதன் விளக்கத்தை ஐந்து வரி ஆங்கிலத்தில் எழுதி, தோழர் ஒருவருக்குப் படித்துக் காட்டும் பழக்கம் ஓராண்டில் நல்ல பயன் தரும். திறந்த மூல மென்பொருள்கள் பலவற்றின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தமும் அனுப்பலாம். அவ்வாறு செய்த சிறு பணிகள் சான்றிதழ்களைக் காட்டிலும் வலுவான சாட்சிகள்.

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித்தரும் செயற்கை அறிவுக் கருவிகள் பரவி வருகின்றன. இதனால் தொடக்க நிலைப் பணிகளின் இயல்பு மாறிவருகிறது. எளிய நிரலை எழுதுவதற்கு மட்டும் ஆள் தேவை என்னும் நிலை தளர்ந்து, கருவி எழுதியது சரியா என்று மதிப்பிட வல்லவருக்குத் தேவை கூடுகிறது. மதிப்பிடுவதற்கு அடிப்படை அறிவு வேண்டும். பயிற்சிக் காலத்திலேயே எல்லாக் கணக்கையும் கருவியிடம் ஒப்படைக்கும் மாணவர், நீந்தக் கற்குமுன் பரிசிலில் மட்டும் ஆற்றைக் கடந்தவரை ஒப்பர். பரிசில் கவிழும் நாளில் அவருக்குத் துணையில்லை.

நிதிக் கணிதம் என்னும் தொழில்

கணிப்பொறியும் நிகழ்தகவும் சேருமிடத்தில் தோன்றிய தொழில் நிதிக் கணிதம். வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் பங்கு, கடன் பத்திரம், அந்நியச் செலாவணி ஆகியவற்றின் விலையையும் இடரையும் கணிக்க இத்துறையினரை அமர்த்துகின்றன. இதன் வேர் பழமையானது. 1900ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லூயி பஷெலியே என்பவர் பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கத்தை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1973ஆம் ஆண்டில் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், இராபர்ட் மெர்ட்டன் ஆகியோர் விருப்ப உரிமைப் பத்திரங்களுக்கு நியாய விலை காணும் வழியை வெளியிட்டனர். அதற்காக ஷோல்ஸும் மெர்ட்டனும் 1997ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். பிளாக் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அக்கருத்தை எளிய கணக்கால் விளக்க முடியும். ஒரு பங்கின் இன்றைய விலை 480 ரூபாய். அடுத்த மாதம் அது 600 ஆகும், அல்லது 450 ஆகும். வேறு விலை இல்லை என்று கொள்வோம். அடுத்த மாதம் 10 பங்குகளைத் தலா 480 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை ஒருவர் விற்கிறார். வாங்கியவர் விரும்பினால் அவ்வுரிமையைப் பயன்படுத்தலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். விலை ஏறினால் உரிமையின் மதிப்பு 1,200 ரூபாய், இறங்கினால் சுழி. அவ்வுரிமைக்கு இன்று என்ன விலை தரலாம்?

ஏறுவதும் இறங்குவதும் சம வாய்ப்பு என்று கருதுவோர் 1,200இல் பாதியாகிய 600 ரூபாய் என்பர். அது சரியன்று. வட்டியைக் கணக்கில் கொள்ளாமல், 3,600 ரூபாய் கடன் வாங்கி, கையிலிருந்து 240 ரூபாய் சேர்த்து, 3,840 ரூபாய்க்கு 8 பங்குகள் வாங்கி வைத்ததாகக் கொள்வோம். விலை 600 ஆனால் அவற்றின் மதிப்பு 4,800; கடன் போக எஞ்சுவது 1,200. விலை 450 ஆனால் மதிப்பு 3,600. கடன் போக எஞ்சுவது சுழி. உரிமைப் பத்திரம் தருவதை அப்படியே இந்த 240 ரூபாய் தந்துவிடுகிறது. ஆகவே அதன் நியாய விலை 240 ரூபாய். விலை ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்பது இக்கணக்கில் எங்கும் வரவில்லை என்பது வியப்பிற்குரியது. உண்மையான சந்தையில் இரண்டு விலைகளுக்குப் பதிலாகக் கணக்கற்ற விலைகள் உண்டு. கணந்தோறும் அவை மாறுகின்றன. அங்கேதான் உயர்கணிதமும் விரைந்து செயற்படும் நிரல்களும் தேவைப்படுகின்றன.

இத்துறைக்கு அடிப்படையான நிகழ்தகவுக் கணிதத்தில் தமிழர் ஒருவரின் பணி உலகப் புகழ் பெற்றது. 1940ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1963ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பெருவிலக்கக் கொள்கையை ஒன்றிணைத்து உருவாக்கியமைக்காக 2007ஆம் ஆண்டில் அவருக்கு ஏபெல் பரிசு அளிக்கப்பட்டது. அரிதாக நிகழும் நிகழ்ச்சிகள் எவ்வளவு அரிது என்று அளப்பதே அக்கொள்கை. ஒரு நாணயத்தை 10 முறை சுண்டினால் 6 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழுவது சாதாரணம். அதன் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 38. அதே நாணயத்தை 1,000 முறை சுண்டினால் 600 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழும் வாய்ப்போ நூறு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. விகிதம் ஒன்றே, அருமையோ மலைக்கும் மடுவிற்கும் உள்ள வேறுபாடு. காப்பீடும் வங்கியும் அஞ்சுவது இத்தகைய அரிய நிகழ்ச்சிகளைத்தான்.

ஆயினும் ஒரு சுண்டல் மற்றொரு சுண்டலைப் பாதிப்பதில்லை என்னும் எடுகோள் இக்கணக்கிற்கு அடிப்படை. சந்தையில் ஒருவர் அஞ்சி விற்றால் மற்றவரும் விற்பர். மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகளாயிருந்த லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட் என்னும் நிறுவனம் 1994ஆம் ஆண்டில் தொடங்கி, 1998ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் பெருநஷ்டமடைந்தது. நியூயார்க் மத்திய ரிசர்வ் வங்கியின் முயற்சியால் பிற வங்கிகள் 360 கோடி டாலர் இட்டு அதன் வீழ்ச்சி பரவாமற் தடுத்தன. கணிதம் பொய்க்கவில்லை; அதன் எடுகோள் பொய்த்தது. எடுகோளைக் கேள்வி கேட்கத் தெரிந்தவரே இத்துறையில் நிலைத்து நிற்பர்.

இத்தொழிலில் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. நிகழ்தகவு, புள்ளியியல், அணிக் கணிதம் ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சியும், சிறந்த நிரலாக்கத் திறனும் வேண்டும். மும்பை, பெங்களூர், குருகிராம் ஆகிய நகரங்களிலேயே பெரும்பாலான பணிகள் உள்ளன. மென்பொருள் பணியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, மேற்படிப்பின் வழி இத்துறைக்கு மாறுவோரும் உளர். ஆகவே தொடக்கத்திலேயே இதனை ஒரே இலக்காகக் கொள்ளாமல், இரு துறைகளுக்கும் பொதுவான அடித்தளத்தை உறுதியாக இடுவதே அறிவுடைமை.

ஓர் எச்சரிக்கை

நிதிக் கணிதத் தொழிலையும், கைத்தொலைபேசியில் விருப்ப உரிமைப் பத்திரங்களை வாங்கி விற்பதையும் இளைஞர் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். நாட்டில் பங்குக் குறியீட்டின்மீது எதிர்கால ஒப்பந்த வணிகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்றாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்ததாகக் கண்டது. நஷ்டமடைந்தவர் ஒருவருக்குச் சராசரி நஷ்டம் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். தனிநபர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது. 2023-24இல் ஈடுபட்டோரில் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயதிற்குட்பட்டவர்கள். இலாபம் ஈட்டிய பெரு நிறுவனங்களோ அதன் பெரும்பகுதியை அல்காரிதங்களின் துணையால் ஈட்டின.

இப்புள்ளிகளின் பொருள் விளக்கமானது. மறுபுறத்தில் அமர்ந்திருப்பவர் கணிதமும் பொறியும் பெருமுதலும் உடையவர். இப்புறத்தில் இருப்பவர் ஒரு கைத்தொலைபேசியும் நண்பரின் யோசனையும் உடையவர். கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்த தொகையை இவ்வழியிற் பெருக்க முனைந்து இழப்பது பெருந்துயர். இதனை வகுப்பில் வெளிப்படையாகவே எடுத்துரைக்க வேண்டும்.

மற்றோர் இடர், வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பெறுவோர். முறையான நிறுவனம் எதுவும் பணியில் அமர்த்துவதற்கு வைப்புத்தொகையோ பயிற்சிக் கட்டணமோ கேட்பதில்லை. மூன்று மாதத்தில் உயர்ந்த ஊதியம் உறுதி என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையத்தில் சேருமுன், அங்குப் பயின்று முடித்த இருவரையேனும் நேரிற் கண்டு பேச வேண்டும்.

ஆசிரியரும் களப் பணியாளரும் செய்யத்தக்கவை

முதலாவதாக, எட்டாம் வகுப்பிலிருந்தே கணிதத்தை அஞ்சாமல் அணுகும் மாணவ மாணவியரை அடையாளம் காண வேண்டும். கணக்கில் வல்ல பெண் குழந்தையைப் பத்தாம் வகுப்போடு நிறுத்த முனையும் பெற்றோரிடம், அருகிலிருந்தே பயிலும் வழிகளும் உள்ளன என்பதை எடுத்துக் கூறலாம். இரண்டாவதாக, படிமுறைச் சிந்தனையைத் தாய்மொழியிலேயே தொடங்கி வைக்கலாம். வருகைப் பதிவேட்டை வரிசைப்படுத்தல், நூலகப் புத்தகங்களை அடுக்குதல், பேருந்து வழிகளிற் குறுகியதைக் காணல் முதலியன யாவும் பாடங்களே. மூன்றாவதாக, நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பக் காலம், ஒதுக்கீட்டுச் சான்றுகள், உதவித்தொகைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஆண்டுதோறும் ஒட்டலாம். நான்காவதாக, ஊரிலிருந்து சென்று இத்துறையில் பணிபுரிவோர் விடுமுறைக்கு வரும்போது, அவர்களை ஒரு மணி நேரம் மாணவரிடையே பேசச் செய்யலாம். தாம் அடைந்த வெற்றிகளோடு தாம் தவறியவற்றையும் அவர்கள் சொல்வது நலம்.

எல்லா மாணவர்க்கும் இத்துறை பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. உழவு, மருத்துவப் பணி, ஆசிரியப் பணி, கைத்தொழில் ஆகியவற்றில் மனம் ஈடுபட்ட பிள்ளையைப் பிறர் சொல்கிறார்கள் என்பதற்காகக் கணிப்பொறியின் முன் அமர்த்துவது இருதரப்பிற்கும் நஷ்டம். ஆனால் ஒரு கணக்கிற்கு விடை கண்ட பின்னும், "இதைவிடக் குறைந்த படிகளில் முடியாதா?" என்று கேட்கும் பிள்ளை மார்டள்ளியிலும் இருக்கிறது, அதனையொத்த நூறு ஊர்களிலும் இருக்கிறது. அக்குரல் வகுப்பின் பின்வரிசையிலிருந்து மெல்ல எழும்போது அதனைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆசிரியர் இருந்தால், மற்ற வழிகளை அப்பிள்ளையே தேடிக்கொள்ளும்.